ரேடார்ல கருப்பா இருந்தா வழி கிளியர்னு நினைக்காதீங்க

பக்கத்து ஊர்களுக்குப் போற குட்டி கம்யூட்டர் (commuter) பயணிகள் விமானம் ஓட்டுறவங்க வெதர் ரேடார் விஷயத்துல பண்ற தப்புலயே ஆபத்தானது, ஸ்கிரீன்ல கனமழையைக் காட்டுற சிவப்புக்குப் பின்னாடி கருப்பா இருந்தா அங்க மழை இல்லனு முடிவு பண்றதுதான். ரேடார் அனுப்புற அந்த 3 சென்டிமீட்டர் அலை கனமழையிலயே செத்துடும், பின்னாடி அதைவிட பெரிய செல் (இடிமழை மேகத் திரள்) நின்னாலும் எதுவும் திரும்பி வராது. 1977 ஏப்ரல் 4, அமெரிக்கால சதர்ன் ஏர்வேஸ் 242ங்கற விமானம் இடிமேகத்துக்குள்ள மாட்டி, மழையிலயும் ஆலங்கட்டியிலயும் ரெண்டு இன்ஜினும் நின்னு, ஜார்ஜியால ரோட்டுல இறங்கப் பாத்து, தரையில இருந்தவங்களோட சேத்து 72 பேர் இறந்தாங்க. இடிமேகத்தைத் தாண்ட கேப்டன் ரேடாரையே நம்புனதும் ஒரு காரணம்னு விசாரணை அறிக்கை சொல்லுது.

அது டிசி-9ங்கற பெரிய ஜெட். சின்ன விமானத்து மூக்குல 10 இன்ச் ஆன்டெனாதான் இருக்கும், அது அனுப்புற பீம் சுமார் 10 டிகிரி விரியும், 60 நாட்டிக்கல் மைல் தூரத்துல அது 60,000 அடி அகலம், தூரத்து செல் அந்த அகலத்தை நிரப்பாது, அதனால லேசான மழை மாதிரி பாவமா பச்சையா தெரியும். டில்ட்டை (ஆன்டெனா மேல கீழ சாயற கோணம்) இறக்கி தரை எதிரொலி வரவைங்க, செல்லுக்குப் பின்னாடி மட்டும் தரை காணாமப் போனா அந்தப் பக்கமே போகாதீங்க.

இதைவிட எனக்கு ஆத்திரம் வர்றது ஸ்னாக், அதாவது விமானத்துல கண்ட கோளாறை எழுதுற விதம்தான். டெக் லாக்ல (விமானத்தோட கோளாறு பதிவேடு) "ரேடார் வீக்"னு ரெண்டே வார்த்தை எழுதினா இன்ஜினியர் என்னதான் பண்ணுவார், தரையில ஆன் பண்ணுவார், ரேடார் தானே சோதிச்சுக் காட்டுற டெஸ்ட் பேட்டர்ன் அழகா வரும், செக் பண்ணியாச்சு ஓகேனு கையெழுத்து போடுவார். டெஸ்ட் பேட்டர்ன் வந்துட்டா ரேடோம்ல (ஆன்டெனாவை மூடியிருக்கற மூக்குக் கூடு) தண்ணி இறங்கலனோ, பெயின்ட் தடிமனா அடிக்கலனோ அர்த்தம் இல்ல. எந்த உயரம், ரேஞ்ச், டில்ட், கெயின் (ரேடாரோட உணர்திறன் அளவு) எவ்ளோ, கண்ணுக்குத் தெரிஞ்ச மேகம் ஸ்கிரீன்ல வரலயா, தரை வந்துச்சா, ஒரு பக்கம் மட்டும் மங்கலா, மழைக்குள்ள போனப்புறம்தானா, எல்லாத்தையும் எழுதுங்க.

வாய்ல சொல்லிட்டு போறதும் வேண்டாம். அமெரிக்கால கம்யூட்டர், வாடகை விமானங்களுக்கான பார்ட் 135 விதிப்படி பறக்கும்போது தெரியவர்ற ஒவ்வொரு கோளாறையும் பைலட் லாக்ல ஏத்தியே ஆகணும், அடுத்த பைலட் அதைப் பாத்துதான் கிளம்பணும். அவுட்ஸ்டேஷன்ல, அதாவது வெளியூர் ஏர்போர்ட்ல எழுதினா ஃப்ளைட் நின்னுடும்னு சொந்த பேஸ் வர்ற வரைக்கும் நிறைய பேர் தள்ளிப் போடுறாங்க, நடுவுல இருக்கற செக்டர்ல மழை வந்தா யார் பொறுப்பு? எம்இஎல்ல (எதெல்லாம் வேலை செய்யாமலும் பறக்கலாம்ங்கற பட்டியல்) ரேடார் இல்லாம பறக்க வழி இருந்தாலும் ரூட்ல இடிமழை எதிர்பார்க்கலங்கற மாதிரி நிபந்தனையோடதான் இருக்கும், லாக்ல எழுதலனா அந்த நிபந்தனையை யாரும் பாக்கவே மாட்டாங்க. அதே ஸ்னாக் திரும்ப வந்தா பழைய என்ட்ரி தேதியையும் சேத்து எழுதுங்க, அப்பதான் ரேடார் பாக்ஸை மட்டும் மாத்தாம ஆன்டெனா, வேவ்கைட் (ரேடார் அலையைக் கொண்டுபோற குழாய்), ரேடோம் வரைக்கும் கழட்டிப் பாப்பாங்க.