இம்யூனோதெரபி ஏற்றி வீடு வந்த பிறகு

மேர்க்கல் செல் புற்றுநோய் (அரிதான ஒரு தோல் புற்றுநோய்), முற்றிய ஸ்குவாமஸ் தோல் புற்றுநோய் போன்றவற்றுக்கு ஏற்றும் பெம்ப்ரோலிசுமாப், செமிப்லிமாப் மருந்துகள் கீமோ அல்ல; புற்றுநோயைத் தாக்க உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள். அப்படித் தூண்டிவிட்ட சக்தி சிலவேளை குடல், நுரையீரல், ஈரல், தைராய்டையும் தாக்கும். இந்தப் பாதிப்பு மருந்து நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம்.

வழமையைவிட நாளுக்கு 4 தடவை கூடுதலாக வயிற்றோட்டம் போனால், பாமசியில் லோபரமைட் (வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்து) வாங்கிச் சமாளிக்காதீர்கள். போக்கு அடங்கினாலும் குடல் அழற்சி உள்ளே முற்றலாம். அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். புது இருமல், மூச்சு முட்டு, மலத்தில் இரத்தம் என்றால் நடுச்சாமமானாலும் வைத்தியசாலைதான்.

கல்முனையிலோ மட்டக்களப்பிலோ அவசரப் பிரிவில் கிளினிக் கொப்பியை நீட்டி, மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய திகதியையும் முதலில் சொல்லுங்கள். வெறுமனே "கேன்சர் மருந்து" என்றால் கீமோ என்று நினைக்கக்கூடும். இதற்கான வைத்தியம் வேறு. பிரெட்னிசொலோன் (அழற்சியை அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்து) தந்தால், சுகம் கண்டதும் நீங்களாக நிறுத்தவே கூடாது. பொதுவாகக் குறைந்தது 4 முதல் 6 கிழமை எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள்.