பாயின்ட் அட், பாயின்ட் டு, பாயின்ட் அவுட்: விரல் நீட்டுவதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடிவீட்டு அக்கா, ஒரு வயது ஆகப்போகிற மகளைச் செக்கப்புக்குத் தூக்கிப் போயிருந்தார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குக் கன்னடம் கொஞ்சம், ஆங்கிலம் அதைவிடக் கொஞ்சம். டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு "இஸ் ஷி பாயின்டிங்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா யோசிக்கவே இல்லை, "டென் பாயின்ட் ஃபைவ், டாக்டர்" என்று பட்டென்று சொல்லிவிட்டார். ஹீமோகுளோபின் எத்தனை பாயின்ட் என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டார், பாவம். டாக்டர் தன் விரலை நீட்டிச் சுவரில் இருந்த யானைப் படத்தைக் காட்டிய பிறகுதான், குழந்தை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி என்று புரிந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் வந்து, இந்தப் பாயின்ட்டை ஒழுங்காகச் சொல்லிக்கொடு என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஆங்கிலம் இப்போதுதான் பழகுகிறவர்களுக்கானது இது, நன்றாகப் பேசுகிறவர்கள் ஐந்தாம் படிக்கு நேரே போய்விடலாம், அங்கேதான் பெரியவர்களே வழுக்கி விழுகிறார்கள்.

படி 1: நம் வீட்டுப் பாயின்ட்டை ஓரமாக வையுங்கள்

தமிழில் நாம் பாயின்ட் என்றால் ப்ளக் பாயின்ட், ரத்தத்தில் பாயின்ட், "அவன் சொல்றதுலயும் ஒரு பாயின்ட் இருக்கு". எல்லாமே பெயர்ச்சொல். இங்கே நமக்கு வேண்டியது வினைச்சொல்: பாயின்ட் என்றால் காட்டு, பாயின்டிங் என்றால் காட்டுவது, அதுவும் பெரும்பாலும் விரலால். அந்த விரலின் ஆங்கிலப் பெயர் இன்டெக்ஸ் ஃபிங்கர். இன்டெக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே சுட்டிக்காட்டுவது என்றுதான் வேர்ப்பொருள், ஆக நம்முடைய சுட்டுவிரலும் அதுவும் ஒரே யோசனையில் பிறந்த பெயர்கள். பள்ளியில் அ, இ, உ என்று சுட்டெழுத்து படித்தோமே, அதெல்லாம் வாயால் நீட்டுகிற விரல்தான்.

படி 2: பின்னால் எதுவும் ஒட்டாத பாயின்டிங்

டாக்டர் கேட்டது இது. குழந்தைகள் ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு, ஒரு வயதை ஒட்டி, விரலை நீட்டத் தொடங்குவார்கள். பேச்சு வருவதற்கு முன்னால் வருகிற பேச்சு என்று இதைச் சொல்லலாம், அதனால்தான் டாக்டர்கள் மறக்காமல் கேட்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. அலமாரி மேலே இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டி உஉம் என்று முனகினால் அது "எனக்கு வேணும்". கம்பியில் உட்கார்ந்த காக்காயைக் காட்டிவிட்டுத் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தால் அது "பாரேன்". இந்த இரண்டாவதில் குழந்தைக்குக் காக்காய் வேண்டாம், தான் பார்த்ததை அம்மாவும் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். டாக்டர்கள் ரொம்பக் கவனிப்பது இதைத்தான். அக்காவின் மகள் இரண்டையும் செய்கிறாள், காக்காயைவிட சீலிங் ஃபேன்மேல்தான் அவளுக்குப் பிரியம்.

இதற்குப் பதில் "யெஸ், ஷி இஸ் பாயின்டிங்" அல்லது "ஷி ஹாஸ் ஸ்டார்ட்டட் பாயின்டிங்". இங்கே ஃபிங்கர் என்ற சொல்லைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். "மை டாட்டர் ஸ்டார்ட்டட் ஃபிங்கர்-பாயின்டிங்" என்றால் பதினோரு மாதக் குழந்தை அடுத்தவர்மேல் பழி போட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாகிவிடும். ஏன் என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

படி 3: அட்டா, டுவா?

அட் வந்தால் விரல் நுனியிலிருந்து ஒரு கோடு போட்டால் அது போய் முட்டுகிற இடத்தில் ஓர் ஆளோ பொருளோ இருக்கிறது. டு வந்தால் விரலைவிட அது காட்டுகிற பக்கம் முக்கியம். "ஹி பாயின்டட் அட் மீ" என்றால் என்னை நோக்கி விரலை நீட்டினார். "ஹி பாயின்டட் டு தி கேட்" என்றால் கேட் அந்தப் பக்கம் என்று கைகாட்டினார். பொருள்களுக்குப் பல இடங்களில் எதைப் போட்டாலும் ஓடும், அதற்காக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் துப்பாக்கி, கேமரா, டார்ச் மாதிரி குறி பார்க்கிற சமாச்சாரம் என்றால் அட் மட்டும்தான்.

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் எலக்ட்ரானிக் சிட்டி பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு கண்டக்டரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கையில் டிக்கெட் மெஷின், இன்னொரு கையில் சில்லறை, விரலுக்கு ஏது நேரம்? முகவாயை மட்டும் ஒரு பக்கம் தூக்கி "அல்லி" என்பார். நம் 'அங்கே'வுக்குப் பங்காளிச் சொல், அதே அகரச் சுட்டு. ஆங்கிலத்தில் இதுவும் பாயின்ட்தான்: "ஹி பாயின்டட் டு தி பிளாட்ஃபார்ம் வித் ஹிஸ் சின்". எதனால் காட்டினாரோ அதற்கு வித், பேனாவால் காட்டினாலும் அப்படியே. "பாயின்டட் பை சின்" என்று எழுதாதீர்கள், நான் பல வருடம் அப்படி எழுதியவன்.

டுவுக்கு விரலே இல்லாத ஒரு வேலையும் உண்டு. "ஆல் தி லாக்ஸ் பாயின்ட் டு தி பேமெண்ட் சர்வர்", அதாவது பதிவுகளை எல்லாம் பார்த்தால் கோளாறு பேமெண்ட் சர்வரில்தான் என்று தெரிகிறது. சான்று, அறிகுறி, தடயம் எல்லாவற்றுக்கும் இதேதான். வழி கேட்கும்போது "குட் யூ பாயின்ட் மீ டு தி மெட்ரோ ஸ்டேஷன்?" என்றால் மரியாதையாகவும் இருக்கும். கூட ஆள் அனுப்பத் தேவையில்லை, பக்கத்தைக் காட்டினால் போதும் என்று அர்த்தம்.

மரியாதை என்றதும் ஒன்று. "டோன்ட் பாயின்ட் அட் பீப்பிள்" என்று ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிள்ளைகளைக் கண்டிப்பார்கள், ஆளை நோக்கி ஒற்றை விரல் நீட்டுவது அங்கேயும் மரியாதைக் குறைவுதான். விமானத்தில் பணிப்பெண்கள் வழி காட்டும்போது பாருங்கள், உள்ளங்கை விரிந்திருக்கும், இல்லை இரண்டு விரல் சேர்ந்திருக்கும். எங்கள் பாட்டி இன்னும் ஒரு படி மேலே, பூசணிப் பிஞ்சை நோக்கி விரல் நீட்டினால்கூட அழுகிப்போகும் என்று கையைத் தட்டிவிடுவார். அப்படி நீட்டிவிட்டால் விரலை மடக்கிக் கடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் பரிகாரம்.

விரல் நீட்டுவதையே வேலை விதியாக வைத்திருப்பவர்களும் உண்டு. ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைப் பார்த்தால் அதை நோக்கி விரலை நீட்டி அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள், கண்ணும் கையும் வாயும் சேர்ந்து வேலை செய்தால் தவறு குறையும் என்பதற்காக. ஆங்கிலத்தில் இதன் பெயர் பாயின்டிங் அண்ட் காலிங். நியூயார்க் சுரங்க ரயில் கண்டக்டர்கள் 1996 முதல், ரயில் சரியான இடத்தில் நின்றதா என்று பார்க்க, நடைமேடையில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையை நோக்கி விரல் நீட்டுகிறார்கள். பலகைக்குக் குறி வைப்பதால் இங்கே அட்.

படி 4: பாயின்ட் அவுட்

நம் 'சுட்டிக்காட்டு'. எதிராளி கவனிக்காத ஒன்றை எடுத்துச் சொல்வது, விரல் வேண்டியதில்லை. "ஷி பாயின்டட் அவுட் எ மிஸ்டேக்", ஒரு தவறைச் சுட்டிக்காட்டினாள். 'அதை' என்று சொல்லவேண்டி வந்தால் நடுவில் செருகுங்கள்: பாயின்ட் இட் அவுட். பாயின்ட் அவுட் இட் என்று சொன்னால் காதில் இடிக்கும். யாரிடம் என்பதற்குக் கடைசியில் டு: "பாயின்டட் இட் அவுட் டு மீ". "ஹி பாயின்டட் மீ அவுட்" என்றால் கூட்டத்தில் இவன்தான் என்று என்னை அடையாளம் காட்டினான், அது வேறு கதை.

படி 5: ஃபிங்கர்-பாயின்டிங்

ஃபிங்கர் என்ற சொல் சேர்ந்ததும் விஷயம் தலைகீழ். பாயின்ட் தி ஃபிங்கர் அட் என்றால் ஒருவர்மேல் குற்றம் சாட்டுவது. நாம் "என்மேல விரலை நீட்டாதே" என்கிறோமே, அதே. ஃபிங்கர்-பாயின்டிங் என்றால் ஆளாளுக்குப் பழியை அடுத்தவர்மேல் தள்ளுவது. இதைப் பன்மை ஆக்க முடியாது, "எ லாட் ஆஃப் ஃபிங்கர்-பாயின்டிங்" என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எங்கள் டீமில் திருநெல்வேலித் தம்பி ஒருவன், சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ரிப்போர்ட்டில் இருந்த ஒரு தப்பை அமெரிக்காவில் இருக்கும் சீனியர் பொறுமையாக எடுத்துக் காட்டியிருக்கிறார். தம்பிக்கு ஏக சந்தோஷம், நன்றி சொல்லி எல்லோரையும் காப்பியில் போட்டு மெயில் அனுப்பினான்: "ஹி பாயின்டட் தி ஃபிங்கர் அட் மீ அபவுட் தி ரிப்போர்ட். தேங்க்யூ." அரை மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டு, உங்களுக்குள் என்ன பிரச்சினை என்று கேட்கிறார், அந்தப் பக்கம் சீனியர் நான் அப்படி எதுவும் சொல்லவே இல்லையே என்று தனி மெயில் போடுகிறார். தம்பி எழுத நினைத்தது "ஹி பாயின்டட் அவுட் மை மிஸ்டேக்". நன்றிக் கடிதம் போய்ப் புகார்க் கடிதம் ஆகிவிட்டது, மூன்று நாள் கேன்டீனில் அவன் தலையே நிமிரவில்லை.

மீட்டிங்கில் யாராவது "லெட்ஸ் அவாய்ட் ஃபிங்கர்-பாயின்டிங்" என்றால், யார் செய்தது என்பதை விடுங்கள், என்ன நடந்தது என்று பார்ப்போம் என்று பொருள். கையை மேஜைக்குக் கீழே வைக்கச் சொல்லவில்லை.

இன்னொரு எச்சரிக்கை: ஃபிங்கர் என்பதையே வினைச்சொல்லாக ஒருபோதும் எழுதாதீர்கள். காட்டிக்கொடுப்பது என்று ஒரு பொருள் உண்டுதான், ஆனால் கூடவே ஆபாசமான பொருளும் இருக்கிறது, ஆபீஸ் மெயிலில் எது முதலில் ஞாபகம் வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

படி 6: வாயில் போட்டு மெல்லுங்கள்

ஒரு வாரத்துக்கு, யாராவது எதையாவது காட்டினால் மனசுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரர் மீட்டரைக் காட்டுகிறார், அட். செக்யூரிட்டி லிஃப்ட் இருக்கும் பக்கம் கைகாட்டுகிறார், டு. மளிகைக் கடையில் பில் கூட்டலில் பத்து ரூபாய் அதிகம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், அவுட். தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் விட்டது யார் என்று மூன்று வீட்டுக்காரர்களும் மாடிப்படியில் நின்று கத்துகிறார்கள் என்றால், சந்தேகமே இல்லாமல் ஃபிங்கர்-பாயின்டிங்.

அக்கா அடுத்த செக்கப்புக்குப் போனபோது தயாராகத்தான் போயிருக்கிறார். டாக்டர் கேள்வியைத் தொடங்குவதற்குள் மகள் கையைத் தூக்கி, அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பையா மூக்குக் கண்ணாடியையா என்று தெரியாத மாதிரி, நேராக விரலை நீட்டிவிட்டாள். அக்கா நிதானமாக, "ஷி இஸ் பாயின்டிங் அட் யூ, டாக்டர்" என்றாராம்.