'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லாதீர்கள்: ஓசிடிக்கு ஆலோசனை சொல்ல வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் உளவியலாளர் ஒருவரின் அமர்வில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெண். குழந்தை பிறந்து ஐந்து மாதம். அரிவாள்மனையைக் கையில் எடுத்தாலே, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று ஒரு எண்ணம் வெட்டிக்கொண்டு போகிறதாம். காய் நறுக்குவதையே விட்டுவிட்டார். குழந்தையோடு தனியாக இருக்கவும் பயம். இது ஓசிடி: வேண்டாத எண்ணமோ சந்தேகமோ திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்தும், அந்தப் பயத்தைத் தணிக்க எதையாவது திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். "அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் நம் ஆள். நாற்பது நிமிடத்தில் இதையே விதவிதமாக ஏழு தடவை சொன்னார். நோட்டு ஓரத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், "மேடம், போகும்போது சிரிச்சுட்டே போனாங்க, பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன். பதினாறு வருடத்துக்கு முன் நானும் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

ரகசியம் காப்பது, நேரத்துக்கு வருவது, அமர்வில் போனைப் பார்க்காமல் இருப்பது, இதையெல்லாம் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நான் சொல்லப்போவது நல்ல மனசோடு செய்கிற தவறுகளை. ஆட்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

'எனக்கும் கொஞ்சம் ஓசிடி உண்டு'

பீரோவை அடுக்கி வைப்பது ஓசிடி இல்லை. நோயாளி எதிரில் இதைச் சொல்லாதீர்கள்.

ரப்பர் பேண்ட்

வேண்டாத எண்ணம் வந்தால் கையில் மாட்டிய ரப்பர் பேண்டை இழுத்து விடு, 'நிறுத்து' என்று மனதுக்குள் கத்து என்று ஒரு பழைய முறை உண்டு. நானும் ஒரு கல்லூரி மாணவிக்கு மாட்டிவிட்டேன். கோயிலுக்குள் போனால் சாமியைப் பற்றி அசிங்கமான வார்த்தைகள் தானாக வருகின்றன என்று வந்தவள் அவள். இரண்டு வாரத்தில் மணிக்கட்டு சிவந்து வீங்கியிருந்தது. வார்த்தைகள் போகவில்லை. புதிதாக இன்னும் நாலு சேர்ந்திருந்தன.

மருந்து சாப்பிடும்போது குரங்கை நினைக்காதே என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் அதைச் சோதனையாகவே செய்து காட்டினார். அவர் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை எடுத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் 'இப்போது நினைக்கலாம்' என்றபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அடக்கியவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ஓர் எண்ணம் வருகிறதா என்று காவல் காக்க வேண்டுமென்றால், அந்த எண்ணத்தை மனம் கையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

என்ன எண்ணம் என்று கேட்காமல் விடுவது

கை கழுவுவதையும் பூட்டை இழுத்துப் பார்ப்பதையும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். காமம், சாமி, சொந்தக் குழந்தை பற்றிய எண்ணங்களைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் தன்னைப் பைத்தியம், பாவி என்று நினைப்பார்கள் என்ற பயம். நாமே பட்டியல் போல எடுத்துச் சொல்லிக் கேட்க வேண்டும்: "சில பேருக்கு இப்படி வரும், சில பேருக்கு அப்படி வரும், உங்களுக்கு உண்டா?" நம் முகம் மாறாமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் எதிரில் இருப்பவரின் தோள் இறங்கும்.

1978-இல் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையிலிருந்து லண்டன் போய்ப் பணியாற்றிய பத்மால் டி சில்வாவும் நோயில்லாத சாதாரண ஆட்களிடம் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருமா என்று கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு 'வரும்' என்றார்கள். நோயாளிகளின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று எளிதாகப் பிரிக்கவும் முடியவில்லை. மாடியில் நிற்கும்போது குதித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். அடுத்த நொடி கீழே பஜ்ஜிக் கடையைப் பார்த்து மறந்திருப்பீர்கள். ஓசிடி இருப்பவரோ 'இப்படி நினைத்த நான் எப்படிப்பட்ட ஆள்?' என்ற கேள்வியோடு அங்கேயே நின்றுவிடுகிறார்.

பதில் சொல்வது

என் பொறுமை போவது இந்த இடத்தில்தான்.

என்னிடம் வந்த முதல் ஓசிடி நோயாளி, பைக்கில் ஊர் ஊராகப் போகும் சேல்ஸ் வேலைக்காரர். ஸ்பீடு பிரேக்கரிலோ குழியிலோ வண்டி ஏறி இறங்கினால் போதும், 'யாரையாவது இடித்துவிட்டோமோ?' என்று ஆரம்பிக்கும். திரும்பிப் போய்ப் பார்ப்பார். ரோட்டில் யாரும் இல்லை. ஒருவேளை வாய்க்காலுக்குள் விழுந்திருந்தால்? இறங்கிப் பார்ப்பார். அரை மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகும். மறுநாள் பேப்பரில் விபத்துச் செய்தி பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பார்.

"மேடம், நான் யாரையும் இடிச்சிருக்க மாட்டேன்ல?"

"நிச்சயமா இடிச்சிருக்க மாட்டீங்க. இடிச்சிருந்தா சத்தம் கேட்டிருக்கும்ல?"

முகம் மலர்ந்துவிடும். எனக்கும் பெருமையாக இருக்கும். அடுத்த வாரம் அதே கேள்வி. 'சத்தம் கேட்டிருக்கும் சரி, லாரி ஹாரனில் கேட்காமல் போயிருந்தால்?' அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்தேன். மூன்றாம் மாதம் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வர ஆரம்பித்தது. நாலாம் மாதம் நான் செய்ததைச் சொல்ல இன்னமும் கூச்சமாக இருக்கிறது. அவர் பைக் பின்னால் உட்கார்ந்து போய், அந்த ரோட்டை நானும் பார்த்துவிட்டு வந்தேன். போதாததற்கு, 'இன்று எந்த விபத்தும் நடக்கவில்லை' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதை லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொண்டார். பத்து நாளில் திரும்பி வந்தார். "மேடம், இதுல தேதி போடலையே?"

எனக்கு மேற்பார்வையாளராக இருந்த சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்க சொல்ற பதில் எவ்வளவு நேரம் தாங்குது?" முதல் மாதம் ஒரு வாரம் தாங்கியது. நாலாம் மாதம் அவர் படி இறங்கி வண்டியை எடுப்பதற்குள் தீர்ந்துவிட்டிருந்தது.

கணக்கு இவ்வளவுதான். சந்தேகம் வருகிறது, பதற்றம் ஏறுகிறது, யாரோ 'ஒண்ணும் ஆகாது' என்கிறார்கள், பதற்றம் சட்டென்று இறங்குகிறது. மனம் அந்த இறக்கத்திலிருந்து இரண்டு பாடம் படித்துக்கொள்கிறது. ஒன்று, ஆபத்து நிஜம்தான், இல்லாவிட்டால் மேடம் இவ்வளவு சிரமப்பட்டுப் பதில் சொல்வாரா? இரண்டு, பதில் கிடைத்ததால்தான் தப்பித்தேன். ஆகவே அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கேட்கும், இன்னும் உறுதியாகக் கேட்கும். கந்துவட்டிக்கு வாங்கி வீட்டுச் செலவைச் சமாளிப்பது போலத்தான். இன்றைய ராத்திரி தூங்கலாம். நாளைக்கு வட்டிக்கும் சேர்த்து வாங்க வேண்டும். கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் செய்கிற அதே வேலையை நம் ஆறுதலும் செய்கிறது. நாற்பது தடவை கை கழுவினால் நோய் என்று நமக்குத் தெரிகிறது. நாற்பது தடவை பதில் சொன்னால் மட்டும் சிகிச்சை என்று நினைத்துக்கொள்கிறோம்.

நூறு சதவீத உறுதி என்பது யாருக்கும் கிடையாது. வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டோமா என்று எனக்கும் முழுசாகத் தெரியாது. 'மூடியிருப்பேன்' என்ற நினைப்போடு பஸ் ஏறிவிடுகிறேன். அந்த 'இருப்பேன்' என்பதோடு வாழ முடியாததுதான் நோய். பதில் தேடுவதால் அந்தப் பழக்கம் வராது.

அப்படியானால் என்ன செய்வது? 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் ஒரு வழியைக் காட்டினார். மருத்துவமனையில் சேர்த்த இரண்டு பேரை, அவர்கள் எதற்குப் பயந்தார்களோ அதிலேயே கொண்டுபோய் நிறுத்தி, பதற்றத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்யும் சடங்குகளைச் செய்யவிடாமல் செவிலியர்கள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். மற்ற சிகிச்சைகளில் தேறாதவர்கள் தேறினார்கள். பயத்தை எதிர்கொள்ளவைத்து, அதைத் தணிக்கச் செய்யும் செயலைத் தடுப்பது என்ற இன்றைய சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது. இப்போது யாரும் கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. நோயாளியோடு உட்கார்ந்து, எளிதானதிலிருந்து கடினமானது வரை படிகளை எழுதி, அவர் சம்மதத்தோடு ஒவ்வொன்றாக ஏறுகிறோம்.

பைக்காரருக்கு முதல் படி, ஆளில்லாத ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கர், கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. கடைசிப் படி, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஓட்டிவிட்டு நேராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருவது, மறுநாள் பேப்பர் கிடையாது. பர்ஸில் இருந்த என் சீட்டை வாங்கிக்கொண்டு, அவர் கையாலேயே வேறொன்று எழுதச் சொன்னேன்: 'இன்று நான் யாரையாவது இடித்திருக்கலாம். தெரியாது.' எழுதும்போது கை நடுங்கியது. அழுதார். மூன்று வாரம் கழித்து அந்தச் சீட்டை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனதாகச் சொன்னார். ஐந்து மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அவருக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் அந்த வேலையும் போய்விட்டிருந்தது.

இதைச் சொன்னதும் புதியவர்கள் அடுத்த கோடிக்குப் போய்விடுகிறார்கள். "இனி யாரும் பதில் சொல்லாதீங்க" என்று வீட்டாரிடம் ஒரே நாளில் உத்தரவு. ஒரு பையனின் அம்மா அப்படியே செய்தார். ராத்திரி முழுக்க அவன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். விடியற்காலையில் அம்மா உடைந்துபோய்ப் பதில் சொன்னார். எட்டு மணி நேரம் தட்டினால் பதில் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். முதலில் நோயாளியையும் வீட்டாரையும் ஒன்றாக உட்காரவைத்து, என்ன சொல்வது என்று பேசி முடிவு செய்யுங்கள். "இது உன் சந்தேகம் கேக்குற கேள்வி கண்ணு. பதில் சொன்னா அது பெருசாகும்னு நாம பேசினோம்ல. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்." இந்த வாக்கியத்தை வீட்டுப் பேச்சில், அவர்கள் வாயாலேயே, இரண்டு தடவை சொல்லவைத்துப் பாருங்கள். குரலில் எரிச்சல் இருந்தால் தெரிந்துவிடும்.

தகவலே சொல்லக் கூடாதா என்று கேட்பார்கள். ஒரு தடவை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இந்த எண்ணங்கள் ஏன் வருகின்றன என்று அந்த அரிவாள்மனைப் பெண்ணுக்குத் தெளிவாக விளக்க வேண்டும். அடுத்த நாள் அதே கேள்வி வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தால், அது தகவல் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் ஓசிடிப் பெட்டியில் போடுவது

ஓசிடியில் வரும் எண்ணம் அந்த ஆளையே நடுங்கவைக்கும். அவர் குழந்தையிடமிருந்து விலகி ஓடுவார். பிரசவத்துக்குப் பின் தூக்கமே இல்லாமல், பேச்சு தடுமாறி, குழந்தையிடம் ஏதோ தீய சக்தி இருப்பதாக நம்பவோ காதில் குரல் கேட்கவோ ஆரம்பித்தால் அது வேறு நோய். அவசரம். அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தைரியம் சொல்லி அனுப்புவது ஆபத்து.

தற்கொலை பற்றிக் கேட்கத் தயங்குவது

கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். நேரடியாகக் கேளுங்கள். 'இருக்கிறது' என்றால் தனியாக அனுப்பாதீர்கள், மருத்துவரையும் வீட்டாரையும் உடனே சேருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கட்டும். இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

மாத்திரை பற்றிக் கருத்து

சொல்லாதீர்கள். ஓசிடியில் மருந்து வேலை காட்டப் பத்துப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டாவது வாரத்தில் "இன்னும் கேக்கலையா?" என்று நீங்கள் புருவத்தைத் தூக்கினால் அவர் மூன்றாவது வாரம் நிறுத்திவிடுவார்.

'எத்தனை சிட்டிங்?'

இத்தனை அமர்வில் சரியாகிவிடும் என்று தேதி கொடுக்காதீர்கள்.

நன்றாகிவிட்டதென்று ஃபைலை மூடுவது

பரீட்சை, கல்யாணம், பிரசவம், வீட்டில் ஒரு சாவு. இந்தச் சமயங்களில் பழைய சந்தேகம் எட்டிப் பார்க்கும், பெரும்பாலும் புது வேஷத்தில். பூட்டைப் பற்றிக் கவலைப்பட்டவர் பேங்க் ஃபாரத்தில் போட்ட கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படுவார். அதை முன்கூட்டியே சொல்லி, அப்போது என்ன செய்வது என்று அவரையே எழுதவைத்து அனுப்புங்கள். நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லி ஒரு வருடத்துக்குத் தேதி கொடுத்துவிடுவோம். பாதிப்பேர் 'நல்லா இருக்கேன்' என்று போனிலேயே சொல்லிவிடுவார்கள்.

அந்த இளம் உளவியலாளரின் அடுத்த அமர்விலும் உட்கார்ந்தேன். கோடு இரண்டுதான் விழுந்தது. இரண்டாவதை, "ஒண்ணும் ஆ..." என்று ஆரம்பித்தவர் அப்படியே விழுங்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். ஒரு வெண்டைக்காயும் சின்னக் கத்தியும் மேஜை மேல் இருந்தன. அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.