அம்மிச்சி இருக்கறப்பவே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க: குடும்ப நோய்க் கணக்கு எடுக்கறது எப்படி

எங்க பக்கட்டு எந்த ஒறம்பரை ஊட்டுக்குப் போனாலும் மொதக் கேள்வி எந்தக் கூட்டம் (குலம்), குலதெய்வக் கோயில் எங்கன்னுதானுங்க. சின்னப் பையனக் கேட்டாக் கூட டக்குன்னு சொல்லிருவான். ஆனா உன்ற அம்மாவப் பெத்த அப்பச்சி என்ன நோய்ல போனாருன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன். போன வருசம் நெஞ்சு படபடப்புன்னு டாக்டர்கிட்ட போனப்ப, வீட்ல யாருக்காச்சும் ஹார்ட் பிரச்சனை இருக்கான்னு கேட்டாரு, இல்லீங்கன்னுட்டேன், அவரும் அப்படியே எழுதிக்கிட்டாரு. ஊட்டுக்கு வந்து சொன்னா அம்மா மெதுவா "ஏஞ்சாமி, உன்ற மாமன் எதுல போனான்?"ங்கறாங்க. அம்மாவோட அண்ணன், 46 வயசு, தோட்டத்துல மோட்டார் எடுத்து உடப் போனவரு கெணத்து மேட்டுலயே சாஞ்சுட்டாரு. ஊரே காத்துக்கருப்பு அடிச்சிருச்சுன்னு சொல்லுச்சு, நானும் அதக் கேட்டே வளந்தேன்.

அதனால இத எழுதறேன். ஒரு ஞாயித்துக்கெழம பொழுது போதுமுங்க, காசு செலவே கெடையாது.

மொதல்ல யாரையெல்லாம் எழுதறதுன்னு பாத்துக்கலாம். மூணு தலைமுறை வேணும். அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, பெத்த புள்ளைங்க, இவங்ககூட நமக்கு ஜீன் (மரபணு) கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி ஒண்ணு. அப்பாவப் பெத்த அப்பாரு, அப்பத்தா, அம்மாவப் பெத்த அப்பச்சி, அம்மிச்சி, அப்பறம் மாமா, சித்தி, அத்தை, பெரியப்பா இவங்ககூட கால் பங்கு. அவங்க புள்ளைங்ககூட எட்டுல ஒரு பங்கு. இதுல எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா பங்காளி பக்கத்த மட்டும் எழுதிட்டு, கட்டிக்குடுத்து வேற ஊருக்குப் போன அத்தைய உட்டுருவாங்க, அம்மா பக்கத்த அதுக்கு மேல மறந்துருவாங்க. கூட்டம் அப்பா வழிலதான் வரும், ஜீன் ரெண்டு பக்கமும் சரிபாதி வருமுங்க. மார்புப் புத்துநோய்க்குக் காரணமாகற பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2ன்னு ரெண்டு ஜீன் இருக்குது, அதுல வர்ற கோளாறு அப்பா வழியாவும் பொண்ணுக்கு வரும். அத்தைக்கு மார்ல கட்டின்னா அது அவங்க ஊட்டு விசயம்னு தள்ளிரக் கூடாது.

ஒரு மாசக் காலண்டர் தாளக் கிழிச்சு பின்பக்கம் வெச்சுக்கோங்க, நோட்டுப் புக்கு பத்தாது. ஆம்பளைக்கு கட்டம், பொம்பளைக்கு வட்டம். நோய் இருக்கறவங்களுக்கு உள்ள மைய அடிச்சுருங்க. தவறிட்டவங்க மேல குறுக்க ஒரு கோடு. கல்யாணத்துக்கு நடுவுல ஒரு கோடு, சொந்தத்துலயே கட்டியிருந்தா ரெட்டக்கோடு. உங்க கட்டத்துக்கு ஒரு அம்புக்குறி. உலகம் பூரா டாக்டருங்க இப்படித்தான் போடறாங்க, அதனால எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் பாத்ததும் புரிஞ்சுரும். ஒவ்வொருத்தர் கிட்டயும் நாலு விசயம் எழுதோணும்: என்ன நோய், எந்த வயசுல *ஆரம்பிச்சது*, எந்த வயசுல எதனால தவறுனாங்க, என்ன வேலை பாத்தாங்க. நோய் பேர விட ஆரம்பிச்ச வயசுதான் முக்கியம். 78ல வந்த மாரடைப்பு வேற, 46ல வந்தது வேற.

இப்ப கேக்கற வேலை. இங்கதான் பொறுமை வேணும், ஏன்னா பெரியவங்க யாரும் டாக்டர் பாசைல சொல்ல மாட்டாங்க. நான் என்ற அம்மிச்சிகிட்ட திண்ணைல உக்காந்து, அவங்க கடலக்காய் தொலிக்கறப்ப கூட நானும் தொலிச்சுட்டே கேட்டேன், கைக்கு வேலை இருந்தா வாய் தானா தொறக்குதுங்க. "மாரடைச்சுப் போச்சு"ன்னா பெரும்பாலும் ஹார்ட் அட்டாக். "ஒரு பக்கம் கை கால் இழுத்துருச்சு"ன்னா பக்கவாதம், பின்னாடி பிபி இருந்திருக்கலாம். "கால்ல புண்ணு ஆறல, கால எடுத்துட்டாங்க"ன்னா பெரும்பாலும் சக்கரை. "கர்ப்பப்பைய எடுத்தாச்சு"ன்னு சொன்னா அத்தோட உடாதீங்க, எதுக்கு எடுத்தாங்கன்னு கேளுங்க, ரத்தப்போக்கா கட்டியா புத்துநோயாங்கறதுல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். "காத்துக்கருப்பு", "செய்வினை", "தூக்கத்துலயே போயிட்டான்", "கெணத்துல உழுந்துட்டான்" இதெல்லாம் வந்தா அதுக்கு முன்னாடி மயக்கம் வந்துச்சா, வலிப்பு இருந்துச்சா, படி ஏறுனா மூச்சு வாங்குச்சான்னு நிதானமா கேக்கோணும். இளவயசுல திடீர்னு போனவங்க இருந்தா அது டாக்டர்கிட்ட சொல்லியே ஆகோண்டிய விசயம்.

பஞ்சு மில்லுல வேலை பாத்து இருமிட்டே இருந்த அப்பாருக்கு நுரையீரல் கெட்டது பஞ்சுத்தூசியால இருக்கலாம், அத ஜீன் கணக்குல சேத்துறாதீங்க, வேலைய எழுதச் சொன்னது இதுக்குத்தான்.

வயசு கேட்டா யாருக்கும் தெரியாது. "அப்ப உன்ற அம்மா கைக்கொழந்த"ம்பாங்க. ஊருக்கே தெரிஞ்ச சம்பவத்தப் புடிச்சுக்கோங்க: இந்திரா காந்தியச் சுட்டதுக்கு (1984) முன்னாடியா பின்னாடியா, எம்ஜியார் செத்தப்ப (1987) இருந்தாரா, கோயமுத்தூர்ல குண்டு வெடிச்சப்ப (1998) படுக்கையா நடமாட்டமா. இதுலயே ரெண்டு மூணு வருசம் முன்னப்பின்ன வயசு வந்துரும், அது போதும்.

அம்மிச்சி கடலக்காய் மொறத்த கீழ வெச்சுட்டு ஒண்ணு சொன்னாங்க: "மாமனுக்கும் உங்கம்மாளுக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு கண்ணு, பதினோரு மாசம், பேரு கூட வெக்கல." அம்மாவுக்கே அது தெரியாது. எறந்து போன கொழந்தைங்க, கலஞ்ச கருவு, இதெல்லாம் கட்டாயம் எழுதோணும், குறிப்பா சொந்தத்துல கட்டுன ஊட்ல.

சொந்தத்துல கட்டறதப் பத்தி வெளிப்படையாவே சொல்றேன், மனசு சங்கடப்படாதீங்க. மாமன் பொண்ணக் கட்டுனா ரெண்டு பேருக்கும் எட்டுல ஒரு பங்கு ஜீன் ஒண்ணு, அக்கா பொண்ணக் கட்டுனா கால் பங்கு. நம்ம ஒவ்வொருத்தர் கிட்டயும் ஏதோ ஒண்ணு ரெண்டு கோளாறு ஜீன் தூங்கிட்டிருக்கும், ஜீன் ஜோடியாத்தான் இருக்கும், அந்த ஜோடில ஒண்ணு நல்லாருந்தா நோய் வராது. ரெண்டு பேருக்கும் அதே கோளாறு இருந்தா ஒவ்வொரு கொழந்தைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு நோய் வர்றதுக்கு. சொந்தமில்லாத புருசன் பொண்டாட்டிக்கும் 100 கொழந்தைல 2, 3க்கு பொறவிக் குறை வரும், மாமன் பொண்ணு அத்தை பையன் கல்யாணத்துல அது ஏறக்கொறைய ரெட்டிப்பாகும். அப்பவும் நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல நல்லாத்தான் பொறக்குது, ஆனா ஊட்ல ஏற்கனவே கொழந்தைங்க தவறியிருந்தா, பொறவிலயே காது கேக்காதவங்க இருந்தா, அடுத்த கல்யாணம் பேசறதுக்கு முன்னாடியே மரபணு ஆலோசகரப் பாத்துருங்க. தலசீமியாங்கற பரம்பரை ரத்தச்சோகைக் கோளாறு இருக்கான்னு பாக்க எச்பிஏ2ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்குது, 3.5 சதவீதத்துக்கு மேல இருந்தா அந்தக் கோளாறச் சுமக்கறவங்களா இருக்கலாம்.

மயக்க மருந்துக்குன்னு ஒரு வரி தனியா உடுங்க. ஆபரேசன் முடிஞ்சும் மூச்சு திரும்ப நெம்ப நேரமாச்சுன்னு யாராச்சும் சொன்னா அத அசால்ட்டா எடுத்துக்காதீங்க. தசையத் தளத்தற ஒரு மருந்த கரைக்கற நொதி சிலருக்குப் பொறவிலயே இருக்காது, ஆரிய வைசிய சமூகத்துல இது எச்சா இருக்கறத ஆராய்ச்சில கண்டுபுடிச்சிருக்காங்க. ரத்தப் பரிசோதனைல தெரிஞ்சுரும், தெரிஞ்சா டாக்டர் வேற மருந்து போட்டுக்குவாரு.

தாள் நெறஞ்சதும் எதப் பாக்கறது? அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன்னாடி, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65க்கு முன்னாடி மாரடைப்பு வந்திருந்தா நீங்க சீக்கிரமே கொலஸ்ட்ரால் பாக்கோணும், எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் 190க்கு மேல இருந்தா குடும்பத்துல எல்லாரும் பாக்கோணும். கூடப்பொறந்தவங்களுக்கோ பெத்தவங்களுக்கோ 48ல குடல் புத்துநோய்னா நீங்க 38லயே குடல உள்ள பாக்கற டெஸ்ட் பத்திக் கேளுங்க, பத்து வருசம் முன்னாடியேங்கறது கணக்கு. 50க்கு முன்னாடி மார்புப் புத்துநோய், எந்த வயசுலனாலும் சினைப்பைப் புத்துநோய், ஆம்பளைக்கு மார்புப் புத்துநோய், இதுல ஒண்ணு இருந்தாலும் ஜீன் டெஸ்ட் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேக்கலாம். டெஸ்ட்ட மொதல்ல நோய் வந்தவங்களுக்கு எடுக்கறதுதான் நல்லது. ஆன்லைன்ல எச்சி துப்பி அனுப்பற டெஸ்ட் கிட் வாங்கி நீங்களே படிச்சுட்டு பயந்துராதீங்க.

சக்கரைக்கு ஒரு மார்க் கணக்கு இருக்குது, சென்னைல நம்மூரு ஆளுங்களுக்குன்னே போட்டது. அவிநாசிலருந்து பனியன் கம்பெனி ஆபீசுக்குப் போய் நாள் பூரா உக்காந்தே இருக்கற 38 வயசு ஆளு, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சக்கரை, இடுப்பு 95 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. வயசுக்கு 20, பெத்தவங்களுக்கு 20, இடுப்புக்கு 10, ஒடம்பு ஒழைப்பே இல்லாததுக்கு 30, மொத்தம் 80. 60 வந்தாலே ஆபத்து எச்சா. ஆனா பாருங்க, பெத்தவங்க குடுத்தது அதுல 20தான், இடுப்பும் ஒழைப்பும் சேந்து 40. ஜீன் வந்துருச்சுன்னு வெசனப்பட்டு உக்கார்றவங்ககிட்ட இந்தக் கணக்கத்தான் காட்டறேன். 30 வயசு ஆச்சுன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபியும் சக்கரையும் சும்மாவே பாப்பாங்க, மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசாங்கத் திட்டத்துல ஊட்டுக்கே வர்றவங்ககிட்டயும் இந்தத் தாளக் காட்டலாம்.

இந்தத் தாள குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுறாதீங்க. கல்யாண வயசுல பொண்ணுங்க இருக்கற ஊட்ல, சித்தப்பனுக்கு வலிப்புங்கற ஒரு வரிய வெச்சு சம்பந்தம் நின்னு போன கொடுமையெல்லாம் நடக்குது. போட்டோ புடிச்சு கூடப்பொறந்தவங்களுக்கு தனித்தனியா அனுப்புங்க, சொல்ல வேண்டாம்னவங்க விசயத்த பேரு இல்லாம வெறும் கட்டமா போட்டுக்கலாம்.

நான் அடுத்த வாரமே அதே டாக்டர்கிட்ட தாளக் கொண்டுபோனேன். மாமா கட்டத்துல வெரல வெச்சவரு, எனக்கு எழுதுனத விட்டுட்டு "அம்மாவையும் சித்தியையும் கூட்டிட்டு வாங்க"ன்னாரு, அவங்கதான அவருக்குக் கூடப்பொறந்தவங்க. சித்திக்கு 52ல சக்கரைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அவங்க வட்டத்துல பென்சில்ல மை அடிச்சு, வயசையும் எழுதி, சித்தி புள்ளைங்களுக்கு புது போட்டோ அனுப்பியாச்சு.