பிரசவத்துக்கு அப்புறம் வலியா? அக்குபஞ்சருக்குப் போகுமுன் படியுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் அக்குபஞ்சர் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பிள்ளை பெற்றவள் தாராளமாகப் போகலாம், ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையோடு சேர்த்துத்தான், அதை நிறுத்திவிட்டு இல்லை. 2022-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், சிசேரியன் ஆன 180 பெண்களில் வழக்கமான வலி மருந்தோடு அக்குபஞ்சர் ஊசியும் வைக்கப்பட்டவர்களுக்கு மறுநாள் அசையும்போது வலி குறைவாக இருந்தது. அது மெல்லிய ஊசி குத்தும் முறை. நம் ஊரில் பலர் ஒரு விரலால் தொட்டு மட்டும் சிகிச்சை செய்கிறார்கள், அது வேறு, அந்தப் பலனை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் எந்த வலி என்று பாருங்கள். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்தால் கருப்பை சுருங்குகிறது என்று அர்த்தம், இரண்டாவது பிள்ளைக்கு இன்னும் அதிகமாக இருக்கும், சில நாளில் தானே அடங்கிவிடும். குனிந்தே பால் கொடுத்து வரும் கழுத்து, தோள், இடுப்பு வலிக்குத்தான் அக்குபஞ்சரை நான் சொல்வேன். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, கண் மங்கித் தலை வலித்தாலோ வேறு யோசனையே வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ, எது பக்கமோ அங்கே போங்கள்.

போகுமுன் போனில் பேசுங்கள். சுகப்பிரசவமா சிசேரியனா, எத்தனை நாளாச்சு, ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறீர்களா என்று அவர்களாகவே கேட்க வேண்டும். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக, உங்கள் கண் முன்னால் பாக்கெட் பிரித்து எடுப்பதாக இருக்கட்டும். பிபி மாத்திரையை நிறுத்து, குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெயர் வாங்கியவராக இருந்தாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள்.

அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, தூக்கி வைத்துக்கொள்ள அம்மாவையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். ஒருக்களித்துப் படுத்து, கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டால் தையலில் இழுப்பு இருக்காது. தையல் பக்கத்தில் ஊசி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இருபது, முப்பது நிமிடம் ஆகும், குத்திய இடம் லேசாகக் கன்றினால் பயப்பட வேண்டாம்.

மூன்று தடவை போயும் வலி அப்படியே இருந்தால் காசைக் கொட்டாதீர்கள், பிரசவம் பார்த்த டாக்டரிடம் சொல்லி பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்கள்.