அமெரிக்காவில் இணையவழிப் போக்கருக்குச் சட்ட அனுமதி: அரசியல் தடைகளைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுவதற்கு அமெரிக்காவின் 50 மாநிலங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே சட்ட அனுமதி வழங்கியிருக்கின்றன. கேசினோக்களிலும் சீட்டாட்டக் கூடங்களிலும் பகிரங்கமாக ஆடப்படும் அதே ஆட்டம் கணினித் திரைக்கு வந்ததும் சட்டமன்றங்கள் ஏன் தயங்குகின்றன என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் பெரும்பாலும் பாதி உண்மையாகவே இருக்கின்றன. அந்தப் பாதி உண்மைகளை நம்பி இயங்கியவர்கள் பல ஆண்டுகளை இழந்திருக்கிறார்கள். அதே காலத்தில், உரிமம் பெறாத வெளிநாட்டுத் தளங்களில் பணம் போட்டு ஆடிய சாதாரண மக்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் விடப்பட்டிருக்கிறார்கள். இந்த இரண்டாவது இழப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முதல் தவறு, 2006-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமே இணையப் போக்கரைத் தடை செய்துவிட்டது என்று நினைப்பது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில், தேர்தலை முன்னிட்டு அவைகள் ஒத்திவைக்கப்படுவதற்கு முந்தைய கடைசி நேரத்தில், செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த பில் ஃப்ரிஸ்ட் துறைமுகப் பாதுகாப்பு மசோதா ஒன்றோடு இணையச் சூதாட்டம் பற்றிய ஒரு பகுதியைச் சேர்க்கச் செய்தார். துறைமுகப் பாதுகாப்பை எதிர்த்து வாக்களித்துவிட்டு வாக்காளர்களிடம் போய் நிற்க எந்த உறுப்பினருக்குத் துணிவு வரும்? மசோதா நிறைவேறியது, அக்டோபர் 13 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்டார். ஆனால் அந்தப் பகுதி ஆட்டக்காரர் எவரையும் குற்றவாளியாக்கவில்லை. வேறு சட்டங்களின்படி ஏற்கெனவே சட்டவிரோதமாக உள்ள இணையச் சூதாட்டத்துக்காக நிறுவனங்கள் பணம் பெறுவதை மட்டுமே அது தண்டனைக்குரியதாக்கியது. எது சட்டவிரோதம் என்பதை அது வரையறுக்கவும் இல்லை. ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் அனுமதித்து ஒழுங்குபடுத்தும் ஆட்டத்துக்கு அதிலேயே விலக்கு உண்டு. குதிரைப் பந்தயமும், ரசிகர்கள் கற்பனை அணி அமைத்து ஆடும் விளையாட்டும் சலுகை பெற்றன. அன்றைய வாஷிங்டனில் யாருடைய குரல் எடுபட்டது என்பதை அந்த விலக்குகளின் பட்டியலே சொல்லிவிடும்.

இந்தத் தவறின் விளைவாக, தடை வாஷிங்டனில்தான் இருக்கிறது, அங்கே ஒரு சட்டம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று போக்கர் ஆதரவாளர்கள் நீண்ட காலம் நம்பினார்கள். இணையச் சூதாட்டத்துக்குக் கூட்டாட்சி உரிமம் வழங்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பார்னி ஃபிராங்க் கொண்டுவந்த மசோதா 2010 ஜூலையில் பிரதிநிதிகள் சபையின் நிதிச் சேவைக் குழுவில் 41-க்கு 22 என்ற வாக்கில் தேறியது. அதற்கு மேல் நகரவில்லை. 2012-இல் செனட்டர்களான நெவாடாவின் ஹாரி ரீடும் அரிசோனாவின் ஜான் கைலும், ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி, போக்கரை மட்டும் அனுமதித்து மற்ற இணையச் சூதாட்டங்களைத் தடுக்கும் ஒரு திட்டத்தை வகுத்தார்கள். அதற்கு மாநில அரசுகளிடமிருந்தும் அவை நடத்தும் லாட்டரித் துறைகளிடமிருந்தும் கடும் எதிர்ப்பு வந்தது. காரணம் எளியது. கம்பிவழித் தகவல் தொடர்பு மூலம் பந்தயம் நடத்துவதைத் தடுக்கும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று நீதித்துறை அமைச்சகம் 2011 டிசம்பரில் கருத்து வெளியிட்டிருந்தது. இணையத்தில் லாட்டரி விற்க வழி திறந்த மறு ஆண்டே அந்த வழியைப் போக்கருக்காக அடைத்துக்கொள்ள எந்த மாநிலம் சம்மதிக்கும்? ஆகவே போராட்டக் களம் அப்போதே மாநிலங்களுக்கு மாறிவிட்டது. அதை உணராமல் இன்றும் கூட்டாட்சித் தீர்வையே எதிர்பார்த்திருப்பது வீண்.

மதமும் ஒழுக்கப் பார்வையுமே தடை என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. லாட்டரியைக்கூட அனுமதிக்காத யூட்டாவுக்கு அந்த விளக்கம் பொருந்தும். ஆனால் இணையச் சூதாட்டத்தைக் கடும் குற்றமாக்கும் சட்டத்தை 2006-இல் இயற்றியது வாஷிங்டன் மாநிலம் (தலைநகர் வாஷிங்டன் அல்ல). அங்கே பழங்குடியினரின் கேசினோக்களும் தனியார் சீட்டாட்டக் கூடங்களும் தாராளமாக இயங்குகின்றன. சூதாட்டமே கூடாது என்று கருதும் ஓர் அரசு அவற்றை விட்டுவைத்திருக்காது. பெரும்பாலான மாநிலங்களில் இணையப் போக்கரை நிறுத்தியவர்கள் சூதாட்டத்தை வெறுப்பவர்கள் அல்லர். ஏற்கெனவே சூதாட்ட உரிமை பெற்று அதில் வருமானம் ஈட்டுபவர்கள்தாம். புதிய உரிமம் யாருக்குப் போகும் என்ற சண்டை தீராததால்தான் மசோதாக்கள் செத்தன.

இதைக் கண்ணெதிரே காட்டும் மாநிலம் கலிபோர்னியா. அமெரிக்காவிலேயே மக்கள்தொகையில் முதலிடம், நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சீட்டாட்டக் கூட மரபு, போக்கரைப் பாவமாகக் கருதாத பொதுமக்கள் எனச் சாதகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. 2008 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆண்டுதோறும் மசோதாக்கள் வந்தன, ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. அங்கே நான்கு தரப்புகள் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தன: கேசினோ நடத்தும் பழங்குடி அரசுகள், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் பெரிய சீட்டாட்டக் கூடங்கள், குதிரைப் பந்தயத் திடல்கள், அப்போது உலகின் மிகப் பெரிய போக்கர் தளமாக இருந்த போக்கர்ஸ்டார்ஸ். வரி விதிக்கும் மசோதாவுக்கு அம்மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. அதனால் நால்வரில் ஒருவர் உறுதியாக எதிர்த்தாலே மசோதாவை முடக்கப் போதுமான உறுப்பினர்களைத் திரட்டிவிட முடிந்தது.

2016-இல் அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆடம் கிரே கொண்டுவந்த மசோதாதான் கரையை மிக நெருங்கியது. குதிரைப் பந்தயத் திடல்கள் போக்கர் உரிமம் கேட்காமல் விலகிக்கொள்ளும். ஈடாக, போக்கர் வருவாயிலிருந்து அந்தத் துறைக்கு ஆண்டுக்கு 6 கோடி டாலர் வரை போகும் என்று அதில் எழுதப்பட்டது. போக்கரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு துறைக்கு, எதிர்க்காமல் இருப்பதற்காக மட்டுமே தரப்படும் தொகை அது. அரசியல் ஒப்பந்தங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை அறிய விரும்புவோர் வேறெதையும் படிக்காவிட்டாலும் அந்தப் பிரிவைப் படிக்கலாம். அவ்வளவு விலை கொடுத்தும் மசோதா அவையின் வாக்கெடுப்புக்கு வராமலே ஆகஸ்ட் 31-இல் கூட்டத்தொடர் முடிந்தது. இம்முறை சிக்கல் போக்கர்ஸ்டார்ஸ். மொரோங்கோ, சான் மனுவேல் ஆகிய பழங்குடி அரசுகளும் சில பெரிய சீட்டாட்டக் கூடங்களும் அந்நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்திருந்தன. பெச்சங்கா என்னும் பழங்குடி அரசின் தலைமையிலான அணி, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் அமெரிக்கர்களிடம் பணம் பெற்ற நிறுவனத்துக்கு உரிமம் தரக்கூடாது, தந்தாலும் நீண்ட காலம் காத்திருக்க வைக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றது.

இங்கே இரண்டு தவறுகளைச் சேர்த்தே தவிர்க்க வேண்டும். பழங்குடியினர் எல்லோரும் ஒரே அணி என்று பேசுவது உண்மைக்கு மாறானது. மேலே சொன்ன பிளவே அதற்குச் சான்று. அவர்களுடைய எதிர்ப்பை வெறும் பேராசையாகப் பார்ப்பது அதைவிட மோசமானது. 1987-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற கபசான் வழக்கே, கலிபோர்னியாவில் ஒரு சிறிய பழங்குடிச் சமூகம் தன் நிலத்தில் நடத்திய பிங்கோவையும் போக்கர் கூடத்தையும் மாநிலமும் கவுண்டி (மாவட்ட) நிர்வாகமும் தடுக்க முயன்றதிலிருந்து பிறந்ததுதான். அந்த வெற்றிக்குப் பிறகும் போராடி, 2000 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஸ்லாட் எனப்படும் சூதாட்ட இயந்திரங்களுக்கான தனியுரிமையைப் பெற்றார்கள். மருத்துவமனை, பள்ளி, முதியோர் உதவி எனப் பல சமூகங்களின் அடிப்படைச் செலவுகள் அந்த வருமானத்தில் நடக்கின்றன. வாக்குறுதிகள் பலமுறை மீறப்பட்ட வரலாறு உடைய மக்கள், அந்தத் தனியுரிமையைத் தளர்த்தும் எதையும் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்களைக் கடைசி நேரத்தில் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்த ஒவ்வொரு மசோதாவும் தோற்றது. 2022-இல் விளையாட்டுப் பந்தயத்தை இணையத்தில் அனுமதிக்கப் பெரும் நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவிட்ட 27-ஆம் எண் முன்மொழிவை வாக்காளர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நிராகரித்தபோது, அதே பாடம் இன்னும் பெரிய விலையில் கிடைத்தது.

பழைய நிறுவனங்களை விலக்கும் பிரிவுகளைப் போட்டியாளர்களின் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. அதில் தன்னலம் உண்டு. ஆனால் அதன் பின்னால் ஒரு உண்மையான காயமும் உண்டு. 2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை, போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சொலூட் போக்கர் ஆகிய தளங்களைத் திறந்தவர்கள் ஆட்ட மேசைகளுக்குப் பதிலாக நீதித்துறை அமைச்சகம், எஃப்.பி.ஐ ஆகியவற்றின் முத்திரைகளோடு கூடிய பறிமுதல் அறிவிப்பைக் கண்டார்கள். போக்கர்ஸ்டார்ஸ் தன் அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தை விரைவில் திருப்பித் தந்தது. ஃபுல் டில்ட்டால் முடியவில்லை: உலகெங்கும் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி என்று அரசு வழக்கறிஞர்கள் குற்றஞ்சாட்டினார்கள். 2012-இல் போக்கர்ஸ்டார்ஸ் 73.1 கோடி டாலருக்கு அரசோடு சமரசம் செய்து ஃபுல் டில்ட்டை ஏற்ற பிறகும், அமெரிக்க ஆட்டக்காரர்கள் கைக்குப் பணம் வரத் தொடங்கியது 2014-இல்தான். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தம் சேமிப்பு எங்கே என்று தெரியாமல் இருந்தவர்களை நினைத்தால், உரிமம் தருமுன் கேள்வி கேட்கும் சட்டமன்ற உறுப்பினரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2006-க்குப் பிறகும் அமெரிக்கர்களிடம் பணம் பெற்ற நிறுவனங்களுக்கு நெவாடா 2013-இல் ஐந்தாண்டு விலக்கு விதித்தது. நியூ ஜெர்சி போக்கர்ஸ்டார்ஸை விசாரித்துவிட்டு 2015-இல் அனுமதித்தது. இரண்டும் முடிவெடுத்த மாநிலங்கள். கலிபோர்னியா எந்த முடிவுக்கும் வரவில்லை, அதுதான் வேறுபாடு.

லாஸ் வேகஸ் கேசினோ அதிபர் ஷெல்டன் அடெல்சன் ஒருவரே தடை என்ற பேச்சும் நெடுநாள் நிலவியது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடுவேன் என்று அவர் அறிவித்தது உண்மை. 2014-இல் கூட்டாட்சித் தடைக்கான மசோதா வந்தபோது அதன் முதன்மைப் புரவலராக அவர் கருதப்பட்டதும், 1961-ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய கருத்தை நீதித்துறை அமைச்சகம் 2018-இல் தலைகீழாக மாற்றியதும் பலருக்கு நினைவிருக்கும். 2021 ஜனவரியில் அவர் காலமானார். அதே மாதம் முதலாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அச்சட்டம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதன்பின் கதவுகள் படபடவென்று திறந்துவிடவில்லை. இணையம் தம் கூடத்து வாடிக்கையாளர்களைக் குறைத்துவிடும் என்ற அச்சம் வேறு பல கேசினோ நிறுவனங்களுக்கும் அவற்றின் தொழிலாளர் சங்கங்களுக்கும் இருக்கிறது.

போக்கர் திறமை விளையாட்டு என்று நிரூபித்துவிட்டால் போதும் என்பவர்கள் நியூயார்க்கைப் பார்க்க வேண்டும். 2012-இல் நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன், போக்கரில் வாய்ப்பைவிடத் திறமையே மேலோங்குகிறது என்று விரிவாக எழுதி ஒருவரை விடுவித்தார். மறு ஆண்டே இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. திறமை வாதத்தின் மேல் எழுப்பப்பட்ட மாநில செனட்டர் ஜான் பொனாசிக்கின் மசோதா மாநில செனட்டில் 2016, 2017 இரு ஆண்டுகளும் நிறைவேறியும் கீழவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. வாதம் நல்லது, ஆனால் அதனால் வாக்குகள் கூடுவதில்லை.

வருமானத்தைப் பெரிதாக்கிச் சொல்வதும் எதிராகவே முடியும். நியூ ஜெர்சியில் 2013-இல் இணையச் சூதாட்டத்தின் முதல் நிதியாண்டிலேயே 16 கோடி டாலர் வரி வரும் என்று ஆளுநர் கிறிஸ்டியின் அரசு கணக்கிட்டது. வந்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிற்காலத்தில் அங்கே இணையக் கேசினோ வருவாய் உயர்ந்து 2023-இல் 190 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அதில் போக்கரின் பங்கு ஐம்பதில் ஒன்றுக்கும் குறைவு. மீதி ஏறக்குறைய முழுவதும் ஸ்லாட் போன்ற ஆட்டங்களிலிருந்து வருகிறது. போக்கரில் ஆட்டக்காரர்கள் தமக்குள் ஆடுகிறார்கள், தளம் ஒரு சிறு கழிவை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்பதே காரணம். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் அரசியலும் புரியும்: இவ்வளவு சிறிய தொகைக்காக எந்தச் சட்டமன்றத் தலைவரும் வலிமையான தரப்புகளைப் பகைத்துக்கொள்ளமாட்டார். எனவே பென்சில்வேனியாவிலும் மிச்சிகனிலும் நடந்ததுபோல, போக்கர் இணையக் கேசினோ மசோதாவின் ஒரு பகுதியாகவே வருகிறது. அந்த மசோதாவின் எதிரிகளையும் சேர்த்துச் சுமக்கிறது.

சட்டம் நிறைவேறியதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதே கடைசித் தவறு. போக்கருக்கு எந்நேரமும் எதிரில் ஆள் வேண்டும். சிறிய மாநிலத்தில் மேசைகள் நிரம்புவதில்லை. 2013 ஏப்ரலில் நெவாடாவில் முதன்முதலாகத் திறந்த அல்டிமேட் போக்கர் அடுத்த ஆண்டு நவம்பரிலேயே மூடப்பட்டது. மேற்கு வர்ஜீனியா 2019-இல் அனுமதித்தது. 2023-இல் ஆட்டக்காரர்களைப் பகிர்ந்துகொள்ள உதவும் மாநிலங்களுக்கிடையிலான கூட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தபோதும் அங்கே ஒரு போக்கர் தளம்கூட இயங்கவில்லை. கனெக்டிகட் 2021-இல் இயற்றிய சட்டத்தில் பிற மாநில ஆட்டக்காரர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள வழியே வைக்கப்படவில்லை. பென்சில்வேனியாவில் 2017 அக்டோபரில் அனுமதிச் சட்டத்தில் ஆளுநர் டாம் வுல்ஃப் கையெழுத்திட்டார். அம்மாநிலம் நெவாடா, நியூ ஜெர்சி, மிச்சிகன் ஆகியவை இடம்பெற்ற அந்த ஒப்பந்தத்தில் இணைய 2025 ஏப்ரல் ஆயிற்று. ஆகவே தம் சட்டமன்ற உறுப்பினரை அணுகும் ஆதரவாளர்கள் அனுமதியை மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடக்கூடாது. பிற மாநிலங்களோடு ஒப்பந்தம் செய்யும் அதிகாரமும், ஆட்டக்காரர்களின் பணத்தை நிறுவனத்தின் செலவுக் கணக்கிலிருந்து பிரித்து வைக்கும் கட்டாயமும் மசோதாவின் முதல் வரைவிலேயே இடம்பெற வேண்டும் என்று கேட்க வேண்டும். உரிமச் சண்டை தொடங்கிய பிறகு அவற்றைச் சேர்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.