உடம்பு சரியில்லாதபோது தூக்க விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் கஞ்சி குடித்தாரா, மாத்திரை போட்டாரா, இளநீர் வாங்கி வரட்டுமா என்று ஆளாளுக்கு விசாரிக்கிறோம். ராத்திரி சேர்ந்தாற்போல் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்பவர்கள் குறைவு. தூக்கமும் சிகிச்சையில் ஒரு பகுதி என்ற எண்ணமே நமக்கு இல்லை, அதனால்தான் ஆபீஸ் வேலை, விருந்தாளி, போன் என்று எது வந்தாலும் முதலில் நோயாளியின் தூக்கத்தில் கை வைக்கிறோம்.

காய்ச்சலின்போது கண் சொக்குவது சோம்பல் இல்லை. கிருமி உள்ளே வந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றில் சில மூளைவரை வேலை செய்து தூக்கத்தைக் கூட்டுகின்றன. படு என்று சொல்வது உடம்புதான். நாம் தூங்கும்போது, கிருமி தொற்றிய அணுக்களைத் தேடிப் பிடிக்கும் டி அணுக்கள் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும் திறன் கூடுகிறது என்று ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள்.

ஆனால் நாம் செய்வது என்ன? சும்மா சளிதானே என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறோம், இரவு பன்னிரண்டுவரை லேப்டாப், காலையில் ஆறு மணிக்கு அலாரம். 2009-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 153 பேரின் தூக்கத்தை இரண்டு வாரம் குறித்துக்கொண்டு, பிறகு அவர்கள் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு மருந்துபோல விட்டுப் பார்த்தார்கள். 8 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 7 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது. படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தவர்கள், அடிக்கடி விழித்துக்கொண்டவர்கள் நிலைமை இன்னும் மோசம். தடுப்பூசிக்கும் இது பொருந்தும். தினம் 4 மணி நேரம் மட்டுமே தூங்க விட்ட இளைஞர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டு, 10 நாள் கழித்து ரத்தத்தைப் பார்த்தபோது, வழக்கம்போல் தூங்கியவர்களுக்கு உண்டான எதிர்ப்புப் பொருளில் பாதிகூட இவர்களிடம் இல்லை. 2002-இல் வெளிவந்த சிகாகோ ஆய்வு இது. ஆகவே ஊசி போடும் வாரத்தில் நைட் ஷிஃப்டைத் தள்ளி வைக்க முடிந்தால் தள்ளி வையுங்கள்.

அடுத்தது, பகலில் தூங்கினால் காய்ச்சல் ஏறும் என்று நோயாளியை உலுக்கி உட்கார வைப்பது. நம் வீடுகளில் பெரியவர்கள் இதை உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததில் பொய் இல்லை, காரணத்தை மட்டும் மாற்றிப் புரிந்துகொண்டார்கள். யாருக்குமே உடல் வெப்பம் விடியற்காலையில் குறைந்து, பிற்பகலிலும் மாலையிலும் கூடும். மதியம் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் சாயங்காலம் காய்ச்சல் ஏறவே பார்க்கும். தூங்கி எழுந்தவருக்கு உடம்பு சுடுவதைப் பார்த்துத் தூக்கத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டோம். காய்ச்சல் அடிக்கும் நாட்களில் பகலில் தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்கட்டும். நிம்மதியாகத் தூங்கும் குழந்தையைப் பாராசிட்டமால் கொடுப்பதற்காக மட்டும் தட்டி எழுப்ப வேண்டிய அவசியமும் பொதுவாக இல்லை. ஆன்டிபயாடிக் அப்படி அல்ல, அதை டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தாக வேண்டும். மூன்று மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தூங்கி எழட்டும் என்று காத்திருக்கவே கூடாது, உடனே டாக்டரிடம் போங்கள்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அசதியாகத் தூங்குகிறார் என்று நாம் விட்டுவிடும் சில நேரங்களில் அது தூக்கமே இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம்மூரில் டெங்கு பரவும். மூன்று நான்கு நாள் கொதித்த காய்ச்சல் திடீரென்று இறங்கும், வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள், பையன் சுருண்டு படுத்திருப்பான், பாவம் இத்தனை நாள் அசதி, தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது, காய்ச்சல் விடும் சமயத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியக்கூடிய நேரம் அது. அளவுக்கு மீறிய சோர்வு, நிலைகொள்ளாத தவிப்பு இரண்டையும் உலக சுகாதார நிறுவனமே டெங்குவின் எச்சரிக்கை அறிகுறிகளில் வைத்திருக்கிறது. கூப்பிட்டுப் பாருங்கள். கண் திறந்து தெளிவாகப் பதில் சொல்கிறானா, தண்ணீர் குடிக்கிறானா, நாலைந்து மணி நேரத்துக்குள் சிறுநீர் போனதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா, வயிறு கடுமையாக வலிக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வருகிறதா என்று பார்த்து, இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளிடமும் இதே குழப்பம் உண்டு. காய்ச்சலில் வாய் கசந்து சாப்பிடாமல் இருப்பார், ஆனால் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு படுத்துவிடுவார். சர்க்கரை மிகவும் இறங்கினால் வியர்த்துக் கொட்டி, எழுப்பினாலும் எழாத நிலைக்குப் போகலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், 108-ஐக் கூப்பிடுங்கள். நல்ல தூக்கத்தில் இருப்பவரை எழுப்பினால் முனகிக்கொண்டாவது எழுந்து நம்மை அடையாளம் கண்டு பேசுவார், அந்த வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். ஆபரேஷன் முடிந்த மறுநாளே சொந்தபந்தம் முழுக்கப் பார்க்க வருவார்கள். அன்பில்தான் வருகிறார்கள், ஆனால் அப்போதுதான் வலி குறைந்து கண்ணயர்ந்தவர் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கம் கெட்டால் வலியும் அதிகமாகத் தெரியும், வலி கூடினால் மறுபடி தூக்கம் வராது. இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்ல வீட்டில் ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும். வார்டில் விளக்கும் சத்தமும் நம் கையில் இல்லை என்றாலும் கண்ணை மறைக்க ஒரு துணி, காதுக்கு அடைப்பான், போனை சைலண்டில் போடுவது இதெல்லாம் நம்மால் முடியும். பிபி பார்ப்பது, மருந்து கொடுப்பது இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று நர்ஸிடம் கேட்கலாம், முடிந்தால் செய்வார்கள்.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த தாத்தா இரண்டாம் நாள் ராத்திரி சம்பந்தமில்லாமல் பேசுவார், ட்ரிப்ஸைப் பிடுங்குவார், வீட்டுக்குப் போகணும் என்பார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று குடும்பமே பதறும். பெரும்பாலும் அது உடல் பாதிப்பால் வரும் தற்காலிகக் குழப்பம். கிருமித் தொற்று, மருந்து, உப்பு குறைவது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், அதனால் டாக்டரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். கூடவே இரவு பகல் தெரியாமல் கிடப்பது அதை வளர்க்கிறது. பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வர விடுங்கள், கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள், டாக்டர் அனுமதித்தால் நாற்காலியில் உட்கார வையுங்கள், ராத்திரி விளக்கைக் குறைத்து அமைதியாக வையுங்கள். கூட இருப்பவரும் ஆள் மாற்றித் தூங்க வேண்டும். ஒரே மகளோ மருமகளோ ஒரு வாரம் கண் விழித்தால் அடுத்து படுப்பது அவர்தான்.

ஓய்வு என்றால் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது என்று நினைப்பதும் தவறு. காய்ச்சல் விட்ட பிறகும், பெரும்பாலான ஆபரேஷன்களுக்குப் பிறகும் எழுந்து நடப்பதுதான் நல்லது, இல்லையென்றால் தசை கரையும், காலில் ரத்தம் கட்டும் ஆபத்தும் கூடும். பகலில் கொஞ்சம் நடந்தவருக்கு ராத்திரி தூக்கம் தானாக வரும்.

மருந்து நேரத்தையும் பார்க்க வேண்டும். பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டைச் சாயங்காலம் போட்டால் பலருக்கு ராத்திரி தூக்கம் வராது. சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையைப் படுக்கப்போகும்போது போட்டால் ராத்திரி முழுக்க பாத்ரூம் நடைதான். இவற்றைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். சில தலைவலி, சளி மாத்திரைகளில் காஃபின் சேர்ந்திருக்கும், அட்டையில் படித்துப் பாருங்கள்.

தூக்கம் வரவில்லை என்றதும் பக்கத்து வீட்டுக்காரரின் அல்பிரசோலத்தில் பாதி வாங்கிப் போடுவது மிக ஆபத்தானது. நுரையீரல் நோய் உள்ளவருக்கு மூச்சு மந்தமாகலாம், வயதானவர் ராத்திரி எழுந்து தடுமாறி விழலாம், பலமான வலி மருந்தோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சளிக்கு நல்லது என்று பிராந்தி குடிப்பதும் அப்படித்தான். குடித்ததும் தூக்கம் வரும், பின்னிரவில் உடைந்துவிடும், பாராசிட்டமாலும் போட்டிருந்தால் கல்லீரலுக்குச் சுமை கூடும். ஆபரேஷனுக்குப் போகிறவர் பலமாகக் குறட்டை விடுபவராகவோ தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவராகவோ இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதைக் கவனித்திருப்பது கூடப் படுப்பவர்தான், நோயாளிக்குத் தெரிந்திருக்காது.

உடம்பு தேறிய பிறகும் படுக்கையிலேயே போன் பார்ப்பது, மதியம் மூன்று மணி நேரம் தூங்குவது என்று நோய் நேரத்துப் பழக்கம் சிலரிடம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ராத்திரி தூக்கம் வராது. முதலில் காலையில் எழும் நேரத்தை ஒரே மாதிரி வைத்துப் பாருங்கள், மதியத் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்துங்கள், மதியத்துக்குமேல் காபி வேண்டாம். வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கமில்லாமல் மூன்று மாதம் ஓடிவிட்டால் டாக்டரைப் பாருங்கள். அதற்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை இல்லை, தூக்கப் பழக்கத்தையும் அதைப் பற்றிய பயத்தையும் மாற்றித் தரும் மனநல ஆலோசனைச் சிகிச்சை.